ஓ.சி.ஐ. கார்டு வைத்துக்கொண்டு ஹெல்த் இன்சூரன்ஸ் கிளெய்ம் வாங்க முடியுமா?

கேள்வி: பென்னாகரம் வாசகர், 11 அக்டோபர் 2025

எங்கள் அக்காவிடம் இருப்பது கனடா பாஸ்போர்ட். ஓ.சி.ஐ. கார்டும், அதாவது வெளிநாட்டுக் குடிமக்களில் இந்திய வம்சாவளியினர் போன்றவர்கள் இங்கே விசா இல்லாமல் தங்க அரசு தரும் அட்டையும், இருக்கிறது. மாமா காலமான பிறகு இனி தருமபுரியிலேயே இருந்துவிடுகிறேன் என்கிறார். வயது 58, கொஞ்சம் சர்க்கரை உண்டு. ஏஜென்ட் ஒருவர் "எந்த நாட்டு பாஸ்போர்ட்டாக இருந்தாலும் பாலிசி போட்டுத் தருகிறேன், கிளெய்மில் ஒரு பிரச்சனையும் வராது" என்கிறார். நம்பலாமா? பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

11 அக்டோபர் 2025, இரவு

பாலிசி போட்டுத் தருவார், அதில் சந்தேகமே வேண்டாம். பிரீமியம் வாங்கும்போது நீங்கள் எந்த நாட்டுக்காரர் என்று யாரும் கவலைப்படுவதில்லை.

நான் மலேசிய பாஸ்போர்ட்காரி. ஈப்போவில் பிறந்து வளர்ந்து, 2016-ல் காவேரிப்பட்டினத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டுக்காரர் வழியாக ஓ.சி.ஐ. வாங்கினேன். 2021-லிருந்து ஒரு வருடம்கூட விடாமல் பிரீமியம் கட்டுகிறேன். இந்த ஜூனில் பெங்களூரில் பித்தப்பை ஆபரேஷன். கிளெய்ம் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். மீதி நாளைக்கு.

12 அக்டோபர் 2025

எங்கள் ஊரில் மே, ஜூன் மாதங்களில் வீட்டில் யாருக்கும் தலைவலி வரக்கூட அனுமதி கிடையாது. பெங்களூரா மாங்காய் லாரி லாரியாகக் கூழ் ஆலைக்குப் போகிற நேரம். வீட்டுக்காரர் மண்டியே கதி என்று இருப்பார். அந்த நேரம் பார்த்து எனக்கு ராத்திரியில் வலது விலாவுக்குக் கீழே வலி. வாயு என்று நினைத்துச் சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர் எல்லாம் குடித்தாயிற்று. கிருஷ்ணகிரியில் ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் கல், பையும் வீங்கியிருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள் என்றார்கள். கொழுந்தனார் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பதால் பெங்களூர் என்று முடிவானது. கம்பெனியின் நெட்வொர்க் பட்டியலில் இருக்கிற ஆஸ்பத்திரியாகப் பார்த்துத்தான் போனோம்.

அட்மிஷன் கவுண்டரில் ஆதாரும் இன்சூரன்ஸ் கார்டும் கொடுத்தேன். அந்தப் பெண் பாலிசி எண்ணை அடித்துப் பார்த்துவிட்டு, "இதுல பாஸ்போர்ட் நம்பர் வருதே மேடம்?" என்றாள். சிவப்பு அட்டை பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். புரட்டினாள். "ஃபாரினா?" என்று சிரித்தாள். காவேரிப்பட்டினம் என்றேன். அவளுக்கு ஊர் தெரிந்திருந்தது, அவள் அம்மாவுக்குப் பர்கூராம். இரண்டு நிமிடம் மாங்காய் விலை பேசினோம். பேசிக்கொண்டே மௌஸை நகர்த்தி ஒரு கட்டத்தில் டிக் போட்டாள். 'இன்டர்நேஷனல் பேஷன்ட்'. எதற்கு அது என்று கேட்டேன். "சும்மா ரெக்கார்டுக்கு மேடம்."

அந்த டிக்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அதைப் போட்டதும் பில்லிங் கம்ப்யூட்டர் என்னை வெளிநாட்டு நோயாளிகளுக்கான கட்டணப் பட்டியலில் போட்டுவிட்டது. மருத்துவத்துக்காக விசா வாங்கிக்கொண்டு விமானம் ஏறி வருகிறார்களே, அவர்களுக்கான கட்டணம். இன்சூரன்ஸ் கம்பெனி அந்த ஆஸ்பத்திரியோடு போட்டிருக்கும் ஒப்பந்தம் உள்ளூர் கட்டணத்துக்கு. கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டுவது, கேட்டுப் போன கடிதத்தில் கட்டணம் பொருந்தவில்லை. உடனே கேள்வி வந்தது: நோயாளி வெளிநாட்டவரா? எந்த விசா? சிகிச்சைக்காக வந்தவரா?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் போட்ட சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் அனுமதிக்கு 1 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரம். எனக்கும் 1 மணி நேரத்துக்குள் பதில் வந்துவிட்டது. 'கூடுதல் விவரம் தேவை' என்பதும் ஒரு பதில்தானே.

கடைசியில் கொழுந்தனார் கார்டைத் தேய்த்து 1,86,400 ரூபாய் கட்டி வெளியே வந்தோம்.

13 அக்டோபர் 2025

"ஆதார் இருந்தால் இந்தியர் மாதிரிதானே, அப்புறம் என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆதார் குடியுரிமைச் சான்று கிடையாது. வெளிநாட்டுக் குடிமக்களும் எடுக்கலாம். விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதத்தில் 182 நாளாவது இங்கே தங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓ.சி.ஐ.க்காரர்களுக்குக் கொடுக்கும் ஆதார் 10 வருடம் செல்லும். பான் கார்டு வேண்டுமானால் நமக்குத் தனிப் படிவம், சாதாரணப் படிவம் அல்ல. பென்னாகரம் தம்பி, உங்கள் அக்கா வந்த கையோடு இந்த இரண்டையும் முடிக்கட்டும். 2023 ஜனவரியிலிருந்து எந்தப் புதுப் பாலிசிக்கும் கே.ஒய்.சி., அதாவது அடையாளம், முகவரி சரிபார்ப்பு, கட்டாயம்.

15 அக்டோபர் 2025

பெயர்க் கதை.

மலேசியாவில் நம் ஆட்களுடைய பாஸ்போர்ட்டில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/பி என்று போடுவார்கள், இன்னாரின் மகள் என்று பொருள். ஆண்களுக்கு ஏ/எல். அங்கே அது ஒரு விஷயமே இல்லை. இங்கே கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு அந்தச் சாய்கோடு பிடிக்காது. 'தவறான எழுத்து' என்று சிவப்பில் காட்டும். அதனால் பாலிசியில் சாய்கோடு இல்லாமல் 'ஏபி' என்று சேர்ந்து விழுந்துவிட்டது. பான் கார்டில் அப்பா பெயர் முன்னால், என் பெயர் பின்னால். பாங்க் பாஸ்புக்கில் வீட்டுக்காரர் பெயர். ஆஸ்பத்திரி பில்லில் என் பெயரும் வீட்டுக்காரரின் இனிஷியலும்.

கம்பெனிக்காகக் கிளெய்ம்களைப் பார்க்கும் இடை நிறுவனமான டி.பி.ஏ.விலிருந்து வந்த மெயிலில் 'சமர்ப்பித்த ஆவணங்களில் உள்ள நபர்கள் வெவ்வேறானவர்கள்' என்று இருந்தது. வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, இத்தனை பேரை நான் ஒருத்தனாகவா சமாளிக்கிறேன் என்றார்.

கிருஷ்ணகிரி கோர்ட் வளாகத்தில் நோட்டரியிடம் 'எல்லாப் பெயரும் ஒரே நபர்' என்று உறுதிமொழிப் பத்திரம் போட்டு அனுப்பினேன். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் யாரும் இதை முதல் நாளே செய்து வைத்துக்கொள்வது நல்லது. சண்டை வந்தபிறகு போடும் பத்திரத்துக்கு மதிப்புக் கம்மி, 'கிளெய்முக்காகத் தயாரித்தது' என்பார்கள்.

18 அக்டோபர் 2025

இப்போது முக்கியமான இடம். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

கட்டணம், விசா, பெயர் எல்லாவற்றுக்கும் பதில் கொடுத்து, கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கும் ரீஇம்பர்ஸ்மென்ட் கிளெய்ம் போட்டோம். செப்டம்பரில் நிராகரிப்புக் கடிதம் வந்தது. அதில் வெளிநாடு, பாஸ்போர்ட் ஒன்றும் இல்லை. காரணம்: பழைய நோயின் விவரத்தை மறைத்தது.

அட்மிஷன் அன்று ராத்திரி டியூட்டி டாக்டர் வந்து, பி.பி. உண்டா என்று கேட்டார். உண்டு. எத்தனை வருடமாக? ஈப்போவில் இருந்தபோதே வந்தது, கல்யாணத்துக்கு முன்னால் என்றேன். வலியில் இருக்கிறவள் பஞ்சாங்கம் பார்த்தா சொல்வாள்? அவர் கேஸ் ஷீட்டில் '10 வருடமாக ரத்த அழுத்தம்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வரி போதும் அவர்களுக்கு.

பாலிசி எடுத்தபோது ஏஜென்ட் நிரப்பிய முன்மொழிவுப் படிவத்தில் பி.பி. 'உண்டு' என்றுதான் இருக்கிறது. 'எத்தனை ஆண்டு' என்ற கட்டம் மட்டும் காலி. கம்பெனி டாக்டர் போனில் பேசிக் கேட்டபோது மலேசியாவிலிருந்தே பி.பி.க்கு அம்லோடிபைன் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று நான் சொன்னது அவர்கள் ரெக்கார்டிங்கிலேயே இருக்கும். அந்த ரெக்கார்டிங்கைக் கேட்டேன். மௌனம்.

அதற்குப் பதிலாக அவர்கள் கேட்டது: முதன்முதலில் பி.பி. கண்டுபிடித்த டாக்டரின் சீட்டு. அது ஈப்போ அரசுக் கிளினிக்கில். அங்கே குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். ஒரு ரிங்கிட் கொடுத்துப் பார்த்த வைத்தியத்தின் சீட்டை யார் பத்து வருடம் பெட்டியில் வைத்திருப்பார்கள்? என் தங்கை வேலைக்கு லீவு போட்டுக் கிளினிக்கில் போய் நின்று ஒரு கடிதம் வாங்கி அனுப்பினாள். மலாயில் இருக்கிறது, சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார்கள். அதுவும் கொடுத்தேன். கடிதத்தில் கிளினிக் முத்திரை மங்கலாக இருக்கிறது என்றார்கள்.

பித்தப்பைக் கல்லுக்கும் பி.பி.க்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் என்னிடம் கேட்காதீர்கள். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

19 அக்டோபர் 2025

கேஸ் ஷீட்டில் தப்பாக எழுதியதைத் திருத்த முடியுமா என்று கேட்ட ஓசூர்த் தம்பிக்கு: இல்லை, நாம் திருத்த முடியாது. ஆனால் அட்மிஷன் அன்றே அதைப் படித்துக் காட்டச் சொல்லலாம். தப்பிருந்தால் அதே டாக்டரே அடித்து எழுதிக் கையெழுத்துப் போடலாம். டிஸ்சார்ஜுக்குப் பிறகு திருத்தக் கடிதம் கேட்டால் ஆஸ்பத்திரிக்காரர்கள் வக்கீலைப் பார்த்த மாதிரி முழிக்கிறார்கள்.

நாளைக்குத் தீபாவளி. முறுக்கு மாவு காத்திருக்கிறது. இரண்டு நாள் இந்தப் பக்கம் வர மாட்டேன்.

26 அக்டோபர் 2025

தீபாவளிக்கு வந்த பக்கத்துத் தெரு ஓய்வுபெற்ற வாத்தியார் என் கதையைக் கேட்டுவிட்டு எழுந்து போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தார். அவருக்குச் சேலத்தில் குடலிறக்க ஆபரேஷன். ரேஷன் கார்டு, ஓட்டர் ஐ.டி., தலைமுறை தலைமுறையாகப் பாரூர் ஏரிப் பாசனத்தில் நிலம், எல்லாம் உள்ளவர். அவருக்கு வந்த நிராகரிப்புக் கடிதமும் எனக்கு வந்ததும் வரிக்கு வரி ஒன்று. நோயின் பெயரும் தேதியும் மட்டும் வேறு. அவர் கேஸ் ஷீட்டிலும் யாரோ '10 வருடமாகச் சர்க்கரை' என்று எழுதியிருக்கிறார்கள். டியூட்டி டாக்டர்களுக்கு 10 என்ற எண்ணின் மேல் என்ன பாசமோ.

அதனால் யோசிக்கிறேன். இத்தனை நாள் பாஸ்போர்ட்டினால்தான் இந்தப் பாடு என்று வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன். பாதிதான் சரி. நிராகரிப்பு எல்லோருக்கும் ஒரே அச்சில் வருகிறது. வித்தியாசம் எங்கே என்றால், வாத்தியார் தன் பழைய சீட்டுகளைக் கிருஷ்ணகிரி டாக்டரிடம் போய் ஒரு மத்தியானத்தில் வாங்கிவிட்டார். என் உடம்பின் பழைய கணக்கு கடல் தாண்டி இருக்கிறது. கேட்கிறவர்களுக்கும் அது தெரியும்.

இன்னொன்று. வாத்தியார் கவுண்டரில் நின்று கத்தினார், மேனேஜர் வெளியே வந்தார். நான் கத்தினால் "நீங்க எந்த நாடு?" என்பார்கள். இது எழுத்தில் எங்கேயும் இருக்காது.

27 அக்டோபர் 2025

வாத்தியார் இதைப் படித்துவிட்டார். நான் கத்தவில்லை, உரத்துப் பேசினேன் என்று எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன்.

2 நவம்பர் 2025

நம் மாவட்டத்துக்காரர்கள் எல்லோருக்குமான விஷயம், பாஸ்போர்ட் எதுவானாலும் சரி.

பல கம்பெனிகள் ஊரைப் பொறுத்து மண்டலம் பிரித்துப் பிரீமியம் போடுகின்றன. பெருநகரத்துக்கு ஒரு விலை, தருமபுரி கிருஷ்ணகிரி மாதிரி ஊர்களுக்குக் குறைந்த விலை. சந்தோஷமாகக் கட்டுவோம். ஆனால் நமக்குப் பெரிய வியாதி என்று வந்தால் நாம் எங்கே போகிறோம்? கிருஷ்ணகிரிக்காரர் வண்டியைப் பெங்களூருக்குத் திருப்புவார், தருமபுரிக்காரர் தொப்பூர்க் கணவாய் இறங்கிச் சேலம் போவார். குறைந்த மண்டலத்தில் பாலிசி எடுத்துவிட்டுப் பெருநகரத்தில் சிகிச்சை பார்த்தால் சில பாலிசிகளில் பில்லில் 10 முதல் 20 சதவீதம் நம் தலையில். கோ-பே என்று பெயர். அத்திப்பள்ளி டோலுக்கு அந்தப் பக்கம் போனால் இந்த டோலும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

என் பாலிசியில் 10 சதவீதம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை, கையெழுத்துப் போட்டது நான்தான்.

அறை வாடகை வரம்பு அதைவிட மோசம். வரம்பு 5,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் 8,000 ரூபாய் அறை எடுத்தால் வெட்டு அந்த 3,000-த்தோடு நிற்காது. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணம் எல்லாமே 8-க்கு 5 பங்குதான் வரும். மருந்து, உள்ளே பொருத்தும் கருவி, பரிசோதனைக் கட்டணங்களில் அப்படி வெட்டக் கூடாது என்று விதி. வெட்டியிருந்தால் விடாதீர்கள்.

9 நவம்பர் 2025

"முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்கலாமே அக்கா" என்று பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம், நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் குடும்ப அட்டை வேண்டும், ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். வருமானம் ஒருபுறம் இருக்கட்டும், எங்கள் குடும்ப அட்டையில் என் பெயரே கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு போடுகிறவள் நான், அரிசிக் கணக்கில் நான் இல்லை. தோப்பை ஒட்டி இரண்டு ஏக்கர் விலைக்கு வந்தபோதும் என் பெயரில் வாங்க முடியவில்லை. ஓ.சி.ஐ.க்காரர்கள் விவசாய நிலம் விலைக்கு வாங்கக் கூடாது. ஓட்டும் கிடையாது. வருமான வரி மட்டும் எல்லோரையும் போல.

மலேசியாவில் எடுத்த பழைய மெடிக்கல் கார்டு, அதாவது அங்கத்திய ஹெல்த் இன்சூரன்ஸ்? தொடர்ந்து 90 நாளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் அது செல்லாது. இங்கே வந்த அடுத்த வருடமே ரத்து செய்துவிட்டேன்.

வேலை விசாவில் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வருகிற வெளிநாட்டு இன்ஜினீயர்களுக்கு இந்தப் பாடு கம்மி. கம்பெனி குரூப் பாலிசி, பேசுவதற்கு எச்.ஆர். இருப்பார். நம்மைப் போல வாழ்க்கைப்பட்டு வந்தவர்களும் வேர் தேடித் திரும்பி வந்தவர்களும்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறோம்.

மூட்டு மாற்று ஆபரேஷன் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு: என் மாமியாருக்கும் அதே முட்டி வலிதான். ஒகேனக்கல் தண்ணீர் 2013-ல் வருவதற்கு முன் இந்தப் பக்கத்துப் போர்வெல் ஃப்ளோரைடைக் குடித்து வளர்ந்த தலைமுறை, பல்லிலும் எலும்பிலும் அது ஏறியிருக்கும், பல்லைப் பார்த்தாலே தெரியும். கம்பெனி அதைப் 'பழைய நோய்' என்று எழுதுமா என்றால் எழுதிப் பார்க்கும். டாக்டர் ரிப்போர்ட்டில் என்ன காரணம் போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். மூட்டு மாற்றுக்குத் தனிக் காத்திருப்புக் காலமும், அதாவது பாலிசி எடுத்தபின் அதற்குக் கிளெய்ம் கிடைக்காத ஆரம்ப காலமும், பெரும்பாலான பாலிசிகளில் உண்டு.

21 நவம்பர் 2025

இரண்டு செய்தி.

ஒன்று, ஆஸ்பத்திரி. ஆதார், வீட்டு முகவரி, ஓ.சி.ஐ. எல்லாம் வைத்து, நான் இங்கேயே குடியிருப்பவள், சிகிச்சைக்காக வந்தவள் அல்ல, எந்த அடிப்படையில் வெளிநாட்டுக் கட்டணம் போட்டீர்கள் என்று எழுத்தில் கேட்டேன். போனில் கேட்டபோதெல்லாம் 'சிஸ்டம் மேடம்' என்றவர்கள், எழுத்துக்குப் பதினைந்து நாளில் பில்லைத் திருத்தி 21,600 ரூபாய் திருப்பிப் போட்டார்கள். வெளிநாட்டுக் குடிமக்கள் உள்நோயாளியாகச் சேர்ந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இந்தச் செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கும் புதுக் குடிவரவுச் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே பாஸ்போர்ட்டைக் கேட்பது தப்பில்லை, கொடுத்துவிடுங்கள். தகவல் தெரிவிப்பது வேறு, கட்டணத்தை மாற்றுவது வேறு.

இரண்டு, இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஓம்புட்ஸ்மேனிடம், மனு போட்டுவிட்டேன். தமிழ்நாட்டுக்குச் சென்னை தேனாம்பேட்டை அலுவலகம். ஆன்லைனிலேயே போடலாம். கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க முடியாது, அது நல்லதுதான். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதம் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லையென்றாலோ இங்கே வரலாம், ஒரு வருடத்துக்குள். இடையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா புகார் தளத்திலும் பதிந்தேன், 155255 என்ற போன் எண்ணிலும் சொன்னேன். அங்கிருந்து கம்பெனிக்குத்தான் போகும், கம்பெனி அதே கடிதத்தை மறுபடி அனுப்பும். ஆனாலும் பதிவு எண் கையில் இருப்பது நல்லது.

மனுவில் நான் அழுது எழுதவில்லை. பி.பி. சொல்லியிருக்கிறேன், ரெக்கார்டிங்கை எடுங்கள். பித்தப்பைக் கல்லுக்கான இரண்டு வருடக் காத்திருப்பு 2023-லேயே முடிந்துவிட்டது. நிராகரிப்புக் கடிதத்தில் பாலிசியின் எந்த விதிப்படி என்று இல்லை. கடைசி அம்சம் முக்கியம். விதியைக் குறிப்பிடாமல் நிராகரிக்கக் கூடாது என்றும், ஆவணங்களைக் கம்பெனியும் டி.பி.ஏ.வும் ஆஸ்பத்திரியிடமே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் அந்த 2024 சுற்றறிக்கையிலேயே இருக்கிறது.

14 டிசம்பர் 2025

ஓம்புட்ஸ்மேன் 30 லட்சம் வரைதான் பார்ப்பார் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது பழைய வரம்பு. 2023 நவம்பரிலிருந்து 50 லட்சம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாமே என்பவர்களுக்கு: கிருஷ்ணகிரியிலேயே மாவட்ட ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் போட முடியாது. ஓம்புட்ஸ்மேன் தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால் பிறகு அங்கே போகலாம், கம்பெனிதான் அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். அதனால் இந்த வரிசையில் போகிறேன்.

5 வருடம் கழிந்தால் கம்பெனி வாயே திறக்க முடியாதாமே என்ற கேள்விக்கு: தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால் மறைத்தாய் என்று சொல்லி மறுக்க முடியாது, மோசடி என்று நிரூபித்தால் தவிர. முன்பு 8 வருடமாக இருந்ததை 2024-ல் குறைத்தார்கள். எனக்கு 4 வருடம்தான் ஆகியிருந்தது. கல் ஒரு வருடம் பொறுத்திருக்கலாம்.

8 ஜனவரி 2026

வீடியோ விசாரணைக்குத் தேதி வந்தது. வந்த மறுநாளே கம்பெனியிலிருந்து போன். இதுவரை 'டியர் கஸ்டமர்' என்று மட்டுமே இருந்தவர்கள் "அம்மா, சாப்பிட்டீங்களா" என்கிறார்கள். ரெக்கார்டிங்கைக் கேட்டார்களாம், விவரம் தெளிவாக இருக்கிறதாம், சமரசமாக முடித்துக்கொள்ளலாமாம்.

தெளிவாக இருப்பது 2021-லேயே தெளிவாக இருந்தது. சரி, எழுத்தில் அனுப்புங்கள் என்றேன். எழுத்தில் வரும்வரை மனுவை வாபஸ் வாங்க மாட்டேன் என்றும் சொன்னேன். 'வாபஸ் வாங்குங்கள், உடனே பணம்' என்று சொல்லி ஏமாந்தவர் கதை ஒன்றை வாத்தியார் வைத்திருக்கிறார்.

24 ஜனவரி 2026

பணம் வந்துவிட்டது. கணக்கு இதுதான், பலர் கேட்டிருந்தீர்கள். பில் 1,86,400. ஆஸ்பத்திரி திருப்பியது 21,600. மீதி 1,64,800. கையுறை, பஞ்சு, அட்மிஷன் கிட் மாதிரி சில்லறைகளுக்கு வெட்டியது 9,800. அதில் சிலவற்றுக்குச் சண்டை போடலாம்தான், தெம்பில்லை. 1,55,000-ல் 10 சதவீதம் கோ-பே 15,500 போக 1,39,500. தாமதத்துக்கு பாங்க் ரேட்டுக்கு மேல் 2 சதவீத வட்டி என்று விதி இருக்கிறது, மனுவில் அதையும் கேட்டிருந்தேன். கொஞ்சம் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள்.

முதல் தடவை அனுப்பிய பணம் பெயர் பொருந்தவில்லை என்று பாங்கிலிருந்து திரும்பிப் போய்விட்டது என்பதையும் பதிவு செய்கிறேன். அந்த ஏபி.

பென்னாகரம் தம்பி, உங்கள் அக்கா அடுத்த மாதம் கிளம்புகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கிளம்பும் முன் கனடாவில் அவருடைய டாக்டரிடம் சர்க்கரை எப்போது வந்தது, என்ன மாத்திரை, கடைசி ரத்தப் பரிசோதனை எல்லாம் போட்ட ஒரு சுருக்கக் கடிதம், முத்திரை தெளிவாக, வாங்கிவரச் சொல்லுங்கள். இங்கே படிவத்தை ஏஜென்ட் நிரப்ப விடாதீர்கள், அக்கா கையாலேயே நிரப்பட்டும், 'எத்தனை ஆண்டு' கட்டம் உட்பட. அந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்து, கொடுத்ததற்கு மெயில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்குக் காத்திருப்பு 36 மாதத்துக்கு மேல் போட முடியாது, 58 வயது என்று தட்டிக்கழிக்கவும் முடியாது, இப்போது வயது உச்சவரம்பு இல்லை. தருமபுரி முகவரியில் எடுத்தாலும் மண்டலக் கோ-பே இல்லாத பாலிசியாகக் கேளுங்கள், பிரீமியம் கொஞ்சம் ஏறும். போன செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. கிடையாது, ஏஜென்ட் அதைச் சேர்த்துச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். பாலிசி கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதி, நோய் விவரம் மூன்றையும் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அந்த ஏஜென்ட் 'கிளெய்மில் ஒரு பிரச்சனையும் வராது' என்றாரே, அதை வாட்ஸ்அப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் இங்கே போடுங்கள், நாங்களும் பார்க்கிறோம்.